ஃப்யூஸ் பிணமாக நடித்த மாலை

அந்த நாடகக் குழுவில் யாருக்குமே நடிப்பு வராது. தனக்கு வராது என்று தெரிந்தவன் ஃப்யூஸ் ஒருவன்தான்.

மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் ரிப்பேர் செய்வது அவன் பிழைப்பு. அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே செத்த மிக்ஸி பயந்துபோய் ஓட ஆரம்பித்துவிடும். பிளக்கில் சொருகக்கூட வேண்டாம். குழுவுக்கு லைட்டும் மைக்கும் அவன் பொறுப்பு. வருஷத்தில் ஒரு மாலை ஐந்து குறுநாடகங்கள் போடுவார்கள். ஒத்திகை அவன் ரிப்பேர் கடை திறந்திருக்கும் நேரத்தில் நடக்குமாதலால் அவன் ஒன்றுக்கும் போனதில்லை. மேடையேறும் அன்று வந்து, சொன்னபடி விளக்கைப் போட்டு அணைப்பான்.

"சுவரோட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் மனைவி அக்கா வீட்டுக்குப் போய் சில வருஷமாகிறது. உண்மைதான், வாயே திறக்காதவன். ஆனால் அவள் போன பிறகு திறந்துகொண்டது. விட்டுப்போன நைட்டியை நாற்காலியில் மாட்டி, எதிரே டீயை வைத்து, அன்றைக்கு எந்த மிக்ஸிக்கு என்ன கோளாறு என்பதெல்லாம் அதனிடம் சொல்வான். இந்த ரகசியத்தை ஒரே ஒருவரிடம் உளறிவைத்திருந்தான். அவர்தான் குழுவுக்கு நாடகம் எழுதும் இன்ஷூரன்ஸ்காரர்.

இப்போது அவன் மனம் மருந்துக்கடைப் பெண்மணியிடம் போயிருந்தது. அவளும் தனியாள். அவன் அங்கே வாங்கிய மாத்திரைகளைக் கொண்டு ஒரு யானைக்கூட்டத்துக்கே தலைவலி தீர்த்திருக்கலாம். அன்று முதல் வரிசை பாஸ் ஒன்றைக் கொடுத்து அவளை வரச் சொல்லியிருந்தான். நாடகம் முடிந்ததும் ஒன்று கேட்க வேண்டும் என்றும் சொல்லிவைத்திருந்தான். அன்றே மனதைச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று முடிவு.

திரை தூக்கும் முன் இன்ஷூரன்ஸ்காரர் தோளில் கை போட்டார். "டேய், நாலாவது நாடகத்துல உனக்கு ஒரு வேஷம். பிணம்."

"எனக்கா? வசனம் இருக்கா?"

"பிணம் பேசினா ஜனம் எழுந்து ஓடிடும்டா. சும்மா படு. ஒத்திகையில தலையணையைப் போட்டுத்தான் பண்ணோம். அது பிரமாதமாப் பண்ணுச்சு, அதைவிட மோசமாப் பண்ணிடாதே."

"அப்ப லைட்டு?"

"என் மச்சான் பாத்துக்குவான்."

அவள் பார்க்க மேடையில்! பவுடர் பூசிக்கொண்டு, கழுத்துவரை போர்வையோடு படுத்தான்.

திரை உயர்ந்தது. மனைவியாக நடித்தவள் வந்து பிணத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான்க்கா. பேச்சே கிடையாது." கூட்டம் சிரித்தது. அவனுக்கே சிரிப்பு வந்தது.

"நான் போனப்புறம் என் நைட்டியை நாற்காலியில மாட்டி வெச்சுப் பேசினாராம். டீ வேற குடுப்பாராம்."

"நைட்டி குடிச்சுதா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரியாக நடித்தவள்.

"'கண்ணு, டீ ஆறுதுடி'ன்னு கெஞ்சுவாராம்க்கா!"

அவன் சொன்ன அதே வார்த்தைகள். அரங்கம் அதிர்ந்தது. எழுந்து ஓடினால் அது யார் கதை என்று ஊருக்கே தெரிந்துவிடும். செத்துக் கிடந்தால் வெறும் நாடகம். ஆகவே அதுவரை யாரும் சாகாத அளவுக்குச் செத்துக் கிடந்தான். மூக்கில் உட்கார்ந்த கொசு வயிறு முட்டக் குடித்து, அங்கேயே கிழடாகிப் பறக்க முடியாமல் தவித்தது. அவன் அசையவில்லை. முதல் வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு, மூன்று தவணையாக, தும்மல் மாதிரி வந்தது. மருந்துக்கடையில் அந்தச் சிரிப்பில் ஒரு தவணைக்காகத்தான் அவ்வளவு மாத்திரை வாங்கினான்.

திரை விழுந்ததும் இன்ஷூரன்ஸ்காரரின் சட்டையைப் பிடித்தான். "ஏன்டா இப்படிப் பண்ணே?"

"உன் பேரையா சொன்னேன்? நீ லைட் போர்டுல இருந்திருந்தா மெயினையே ஆஃப் பண்ணியிருப்பே. அதான் படுக்க வெச்சேன்." நல்ல வேலை ஒன்றை முடித்தவர் மாதிரி சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

அதற்குள் மருந்துக்கடைப் பெண்மணியே சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "அருமையா செத்தீங்க! இமைகூட அசையலையே! சார், இப்படி ஒரு பைத்தியத்தை எங்கேருந்து பிடிச்சீங்க?"

"நிஜ ஆளுதாம்மா. இவனுக்கு ரொம்ப நெருக்கம். இவனையே கேளுங்க" என்று இன்ஷூரன்ஸ்காரர் தேனாகச் சிரித்தார்.

"அப்படியா? சொல்லுங்க, சொல்லுங்க!" அவள் இவ்வளவு பக்கத்தில் நின்றதே இல்லை.

"பிஸ்கட்டும் வைப்பான்" என்றான் ஃப்யூஸ். "நனைச்சு வைப்பான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மழை பேஞ்சா ஜன்னலைச் சாத்திடுவான். நைட்டிக்குச் சளி பிடிச்சிடுமாம்."

"ஐயோ, போதும்! வயிறு வலிக்குது! அந்தப் பொண்ணு தப்பிச்சுது. இந்த மாதிரி ஆளு என் கடைக்கு வந்தா நான் ஷட்டரை இறக்கிடுவேன்." பிறகு முகம் மலர்ந்து, "ஆமா, நாடகம் முடிஞ்சதும் ஏதோ கேக்கணும்னீங்களே?"

"ஒண்ணுமில்லைங்க. நாடகம் எப்படி இருந்துச்சுன்னு கேக்கத்தான்."

அந்த நாடகத்தை இப்போது வேறு அரங்குகளிலும் போடுகிறார்கள். வேறு யாரைப் படுக்க வைத்தாலும் மூச்சு விடுவது தெரிகிறதாம். ஒருமுறை ஃப்யூஸ் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தான். "தாராளமா. ஏன் வரலைன்னு அந்தம்மா கேட்டா என்னடா சொல்லட்டும்?" என்றார் இன்ஷூரன்ஸ்காரர். போய்ப் படுத்துக்கொண்டான்.

அவளும் விடாமல் வருகிறாள், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு தோழியோடு. நைட்டி வசனம் வருவதற்கு முன்பே, "இப்பப் பாரு, இப்பப் பாரு" என்று அவள் கிசுகிசுப்பது மேடையில் படுத்திருப்பவனுக்குத் தெளிவாகக் கேட்கும்.