கப்பல் கவர்கள் இருந்த அறை

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்த்த யார்டில் 'தபால்' என்றுதான் கூப்பிடுவார்கள். தபால் இலாகாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் கேஸ் கட்டர். ஆயுள் முடிந்த கப்பல்களைக் கரைக்கு இழுத்து வந்து துண்டு போடுகிற யார்டில், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நாளெல்லாம் நெருப்பால் இரும்பை அறுக்கிறவர். அப்படிப்பட்ட மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு காகிதக் கவரை எடுத்தால், பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்துவார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு அவர் அத்தான். அக்கா கல்யாணமாகிப் போனபோது, வேறு நாதியில்லாததால் பெட்டி படுக்கையோடு தங்கை நானும் போய் அவர்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டேன். பேக்கரியில் வேலை கிடைத்த பிறகுதான் அடுத்த தெருவில் தனியாக ஓர் அறை எடுத்தேன். அதுவரை எனக்குச் சோறு போட்ட மனிதர். அவரைத் திட்டுகிற உரிமை எனக்கு அதனால்தான் வந்தது.

இந்தக் கவர்ப் பைத்தியம் அவரைப் பிடித்த கதையைச் சொல்கிறேன். ஒரு முறை யார்டுக்கு ஒரு பெரிய பயணிகள் கப்பல் வந்தது. மூன்று புகைபோக்கி, மாடி மேல் மாடி. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் நடனம் ஆடிக்கொண்டே கடல் தாண்டிய கப்பலாம். அதன் மூக்கைக் காலையில் அத்தான்தான் அறுத்துத் தள்ளினார். மத்தியானம் உள்ளே ஒரு மேசையைப் பிரிக்கும்போது இழுப்பறையில் ஒரு கட்டுக் கவர்கள் கிடைத்தன. இடது மூலையில் நீல மையில் அந்தக் கப்பலின் படம், கீழே 'முதல் பயணம்' என்று எழுத்து, வலது பக்கம் தபால் தலை, அதன் மேல் கப்பலுக்குள்ளேயே இருந்த தபால் நிலையத்தின் வட்ட முத்திரை. யாரும் அனுப்பாமல் மிஞ்சிப்போனவை. குப்பை என்றார் மேஸ்திரி. அத்தான் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். காலையில் தான் அறுத்த மூக்கு அந்தப் படத்தில் முழுசாக இருந்ததை அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததாக அக்கா சொல்வாள்.

அப்புறம்தான் தெரிந்தது, உலகத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பெரிய கப்பல் ஒன்று முதல் முறை கிளம்பினாலும், கடைசி முறை கிளம்பினாலும், அதற்கு நூறு வயது ஆனாலும் ஒரு கவர் போடுவார்கள். நமக்கு வேண்டுமானால், நம் முகவரியை நாமே ஒரு கவரில் எழுதி, அதை இன்னொரு கவருக்குள் வைத்து, கப்பலில் தபாலைக் கவனிக்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அவர் அந்தத் தேதியில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார். உள்ளே ஒரு வரிகூட இருக்காது. தனக்குத் தானே கடிதம் போட்டுக்கொள்கிற வேலை, அதுவும் வெறும் கவர். எங்கள் தெருத் தபால்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் அக்காவிடம், "ஏம்மா, உள்ள ஒண்ணுமே இல்லையே, யாராவது ஏமாத்தறாங்களா?" என்று கேட்டேவிட்டார்.

முகவரியெல்லாம் அக்காதான் எழுதுவாள். அத்தானின் விரல்கள் சூட்டில் காய்ந்து மரத்துப்போனவை, பேனா நிற்காது. அக்காவின் எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எந்தக் கடலில் எந்தக் கப்பல் முத்திரை குத்தி அனுப்பினாலும் நடுவில் அவள் எழுத்து இருக்கும். பழைய கவர்களை மற்ற நாட்டுக்காரர்களிடம் மாற்றிக்கொள்ளக் கடிதம் போடுவதும் அவள்தான்.

"என் கையெழுத்து உலகத்தையே சுத்துது. நான் மார்க்கெட்டைத் தாண்டினதில்ல" என்பாள். சலிப்பு மாதிரி சொன்னாலும் முகத்தில் பெருமை வழியும்.

வீடு கடலோரம். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். கவர்களில் பழுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்ததும் அத்தானுக்குக் கை கால் ஓடவில்லை. கப்பல் அறைகளின் சுவரில் அடித்திருந்த வெள்ளைப் பலகைகள் யார்டில் மலை மாதிரி கிடந்தன. தீப்பிடிக்காது, ஈரம் ஏறாது. ஒவ்வொன்றாகச் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார். கொல்லைப்புறத்தில் போட்டு ரம்பத்தால் அளவுக்கு அறுத்து, பின்னறையின் நாலு சுவரிலும் கூரையிலும் அடித்தார். அதிலேயே அலமாரியும் செய்தார். அடுத்த கப்பல் வந்து இன்னும் நல்ல பலகை கிடைத்தால் பழையதைப் பிரித்துவிட்டுப் புதிதை அடிப்பார். இப்படி வருஷக்கணக்கில் அறுப்பதும் அடிப்பதுமாக இருந்தார். வீடு முழுக்க வெள்ளைத் தூசி.

"மாவு மில்லுல குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்று அக்கா பெருக்குவாள். அவர் சட்டையை வாசலில் நின்று உதறித்தான் துவைக்கப் போடுவாள்.

ஆனால் அந்த அறை அவளுக்கு உயிர். குழந்தையில்லாத வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது. மழை கொட்டினாலும் உள்ளே சொட்டு ஈரம் இருக்காது, தெருச் சத்தம் கேட்காது. ஒரு முக்காலி, ஒரு சின்ன மேசை, அவளுடைய பேனா. வேலை முடிந்தால் அங்கேதான் போய் உட்காருவாள்.

அக்காவுக்கு இருமல் வந்தது பல வருஷம் கழித்து. முதலில் சளி என்றார்கள், அப்புறம் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஊசி போட்டு நீரை எடுத்தால் சில நாள் நன்றாக இருப்பாள், மறுபடி கோத்துக்கொள்ளும். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவைப் படம் எடுக்க அனுப்பிவிட்டு டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"வீட்டுல யாராவது கப்பல் யார்டுல வேலை பாக்கறீங்களா?"

"நான்தாங்க, டாக்டர்."

"உங்க துணியெல்லாம் யாரு துவைக்கறது?"

"அவதான்." அத்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்டுல ஒரு ரூமுக்குக் கப்பல் பலகை அடிச்சிருக்கேன். நானே அறுத்தது" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பழைய கப்பல் பலகை என்றால் அநேகமாகக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்தான் என்றும், அறுக்கும்போது பறக்கிற தூசி நுரையீரலுக்குப் போய்த் தங்கிவிடும் என்றும், எத்தனையோ வருஷம் கழித்து இப்படி வரும் என்றும் சொன்னார். குணமாக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

"பலகையைப் பிரிக்காதீங்க. பிரிச்சா இன்னும் பறக்கும். ரூமைச் சாத்திப் பூட்டிடுங்க, உள்ள இருக்கற எதையும் வெளிய எடுக்காதீங்க. அவங்களை அந்தப் பக்கமே விடாதீங்க."

"நான்தானே அறுத்தேன்? எனக்கு ஒண்ணும் வரலையே?" என்று அத்தான் கேட்டார். கேட்ட விதத்தில் ஏதோ நியாயம் கேட்கிற மாதிரி இருந்தது.

"சிலருக்கு வரும், சிலருக்கு வராது. ஏன்னு எங்களுக்கே தெரியாது" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டுப் பேசியதே இல்லை.

"உங்க அக்காகிட்ட இதைச் சொல்லக் கூடாது."

"ஏன்? உங்க பேர் கெட்டுடும்னா?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"அப்படியே வெச்சுக்கோ. அவ வாழ்க்கையில சந்தோஷமா உக்காந்திருந்த இடம் அது ஒண்ணுதான். அதுதான் அவளைக் கொல்லுதுன்னு தெரிஞ்சுட்டுப் போகணுமா? அதையும் நான் புடுங்கிக்கணுமா?"

சரி என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் எவ்வளவு கனமானது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அன்றே பூட்டு வாங்கி மாட்டினார். கதவிடுக்கில் ஈரத் துணியைத் திணித்தார். வாசலறையில் அக்காவுக்குக் கட்டில் போட்டோம். மழை பிடித்துக்கொண்ட மாதம் அது. சுவர் ஊறி, போர்வையெல்லாம் சிலுசிலுத்தது. பஸ் போனால் ஜன்னல் அதிரும், அவள் தூக்கம் கலைந்து இருமுவாள்.

"என்னங்க, என்னைப் பின்னறையில படுக்க வெச்சிடுங்களேன். அங்க ஈரமே இல்ல. சத்தமும் வராது" என்றாள்.

அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள். என்னைப் பார்த்தார், கடைசியில் அவருக்குக் கிடைத்த பொய் இதுதான்: "அங்க கவர் எல்லாம் இருக்கு. கட்டில் போட்டா இடிபடும்."

பாவி மனிதர், வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? கூரை ஒழுகுகிறது, பாம்பு வந்தது, எதையாவது. அவர் சொன்னதோ ஊரே நம்பக்கூடிய பொய். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிப் படுத்தாள்.

சில நாள் கழித்து அவளே கொஞ்சம் இறங்கி வந்து கேட்டாள். "ரூம் வேணாம். அந்த நீலக் கப்பல் கவரை மட்டும் கொண்டு வாங்க. ஒரு தடவை பாத்துட்டுத் தர்றேன்."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"கையைத் துடைச்சுட்டுத்தான் தொடுவேன்."

அத்தான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர்தான் உடம்பு துடைத்தார், சளிப் பாத்திரத்தைப் பிடித்தார், கஞ்சியை ஆற்றி ஊட்டினார். கூலிக்கு வந்த ஆள் செய்வதை ஏற்றுக்கொள்கிற மாதிரி அவள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மா பார்க்க வந்தபோது, "இவருக்குப் பொண்டாட்டி நான் இல்ல, பூட்டின ரூமுக்குள்ள இருக்கு" என்று அவர் காதில் விழும்படியே சொன்னாள். தெருவே அவரைக் கரித்துக் கொட்டியது. அவர் கடைக்குப் போனால் பேச்சு நிற்கும்.

நாக்கு நுனி வரை வந்த உண்மையை எத்தனை முறை விழுங்கினேனோ. "சொல்லித் தொலைங்க அத்தான், அவ உங்களை வெறுத்துட்டே போகப்போறா" என்று ஒரு நாள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "என்னை வெறுத்தா அவளுக்கு வலிக்காது" என்றார். அது தப்பு. அவளுக்கு வலித்தது. பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

கடைசியாக ஒரு நாள் காலையில் அவளே அவரைக் கூப்பிட்டாள். "என்னங்க" என்ற குரல் கேட்டதும் அத்தான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தன்னோடு பேசிவிட்டாள் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அக்கா மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள். "நான் போனதும், அந்தக் கவருல இருக்கற என் கையெழுத்தையெல்லாம் வெட்டிப் போட்டுடுங்க. கப்பலை மட்டும் வெச்சுக்கங்க. உங்களுக்கு அதுதானே வேணும்?"

அத்தான் வாயைத் திறந்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"சரி" என்றார்.

மறுநாள் மத்தியானம் அக்கா போய்விட்டாள். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

எல்லாம் முடிந்து நான் ஒரு வாரம் கழித்துப் போனபோது பூட்டு திறந்திருந்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அத்தான் முக்காலியில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் கவர்களை வெட்டிக்கொண்டிருந்தார். கீழே குப்பையில் கப்பல் படங்களும் தபால் தலைகளும் வட்ட முத்திரைகளும் குவிந்து கிடந்தன. நடுத்துண்டை மட்டும், அக்கா எழுதிய முகவரியை மட்டும், ஒன்றன் மேல் ஒன்றாக மேசையில் அடுக்கியிருந்தார். கவர் சேர்க்கிற எவன் பார்த்தாலும் நெஞ்சு வெடித்துச் சாவான்.

அதற்குப் பிறகு அந்த அறையிலேயே படுத்துக்கொள்கிறார். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டுதான் தூக்கம். கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன், அசையவில்லை. போன மாதம் இழுத்துப் பிடித்து அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்தார்கள், ஊதச் சொன்னார்கள். டாக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க நெஞ்சு நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்ல. அந்த ரூமை மட்டும் விட்டுட்டு வெளிய வாங்க. இன்னும் ரொம்ப வருஷம் இருப்பீங்க."

அக்கா போன அன்றுகூட அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வெளியே வராந்தாவில், மருந்துச் சீட்டோடு நிற்கிற அத்தனை பேருக்கும் நடுவில், அத்தான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.