ஒன்பது நாள் குறைந்த கிடாய்

வெள்ளாட்டுக் கிடாயின் வயதைப் பல்லில் பார்ப்பார்கள். கீழ்த்தாடையின் நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து, அங்கே அகலமான பற்கள் முளைத்துவிட்டால் வருடம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மலைமேல் உள்ள வாழவந்தி நாட்டில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு மட்டும் அது போதவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆடு குட்டி போட்டால் பழைய அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி எழுதி வைப்பேன். சாமை அறுக்கும்போது போட்டது, மிளகு காயும்போது போட்டது என்று அம்மா சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

நான் பத்தாம் வகுப்பு முடித்த வருடம், பக்ரீத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மலையடியில் உள்ள முள்ளுக்குறிச்சியிலிருந்து ஆட்டு வியாபாரி பாய் சரக்கு ஆட்டோவில் வந்தார். வருடம் தவறாமல் வருகிறவர். அப்போது எங்களிடம் விற்கிற மாதிரி இருந்தது ஒரே ஒரு கருப்புக் கிடாய். அதை விற்றால்தான் நான் நாமக்கல்லில் விடுதியில் தங்கி மேலே படிக்க முடியும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

பாய் கிடாயை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து உதட்டை விலக்கினார். ஒரு பால்பல் விழுந்திருந்தது. மற்றது விரல் பட்டதும் ஆடியது. பெருநாளில் அறுத்துப் பலி கொடுக்கும் குர்பானிக்கு வருடம் நிறைந்த ஆடுதான் வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் ஆகாது. அவர் தயங்கினார். வருடம் ஆகிவிட்டது என்று அப்பா சொன்னார். பல வருடப் பழக்கம். பாய் தலையாட்டிக் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். உள்ளே ஓடி நோட்டை எடுத்து வந்து, கிடாய் பிறந்த தேதியைச் சத்தமாகப் படித்தேன்.

“அட, எழுதியே வெச்சிருக்கியா கண்ணு? அப்பப் பெருநாளன்னைக்கு வருசம் நெறையுதான்னு பாத்துச் சொல்லு,” என்றார் பாய்.

மனக்கணக்கு எனக்கு நன்றாக வரும். போட்டு முடித்ததும் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரிந்துகொண்டே தப்பான விடை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

“ஒம்பது நாள் கொறையுதுங்க.”

பாய் கயிற்றை அப்பாவிடமே நீட்டினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அப்பா அதை வாங்கிக்கொண்டார். அம்மாதான் விடவில்லை.

“நல்லாப் படிச்ச போ. ஊடு தேடி வந்தவரத் திருப்பி அனுப்பிச்சுட்டு, இனி ஆட்டுக்குப் பாடம் நடத்து சாமி.”

ஆட்டோவில் ஏறப்போன பாய் நின்றார். நான் படித்த தேதியை இன்னொரு முறை கேட்டார். போன வருடம் பாதையில் மண் சரிந்து, பெருநாளுக்கு இரண்டே நாள் இருக்கும்போது அவர் வந்தாரே, அந்த நாளா என்றார். அந்த நாள்தான். அவர் ஆடுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குப் பின்னால் எங்கள் ஆடு கத்தியது. பள்ளி விட்டு நனைந்துகொண்டு வந்த நான், ஈரம் காயாத குட்டியைச் சாக்கால் துடைத்தேன்.

“அப்ப எங்க கணக்குல வருசம் நெறைஞ்சு ரெண்டு நாள் மேலயே ஆயிரும் கண்ணு. நாங்க பிறை பாத்து மாசம் எண்றவங்க. பெருநாளுக்குப் பெருநாள் ஒரு வருசம். எங்க வருசம் நெறைஞ்சு பதினோரு நாள் கழிச்சுத்தான் உன்ற காலண்டர் வருசம் வந்து சேரும்.”

ஒன்பதும் இரண்டும் பதினொன்று. நோட்டில் எழுதிப் பார்த்தேன், சரியாக வந்தது. பத்து வருடம் படித்தும், வருடம் என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது சேலத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் விடுமுறைப் பட்டியல் வரும்போதெல்லாம், பக்ரீத் எத்தனை நாள் முன்னே நகர்ந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பார்த்ததும் அந்தக் கிடாயின் ஈர மூக்கும் அந்த மலைக் காலையும் அப்படியே வந்து நிற்கும்.

அன்று அப்பா கிடாயைத் தூக்கிப் பாயின் ஆட்டோவில் ஏற்றினார். அம்மா ஒரு கொத்துப் பலா இலையை அதன் முன் போட்டாள், அது தின்னவில்லை. நான் ஆசைப்பட்ட படிப்புக்கு வழி கிடைத்துவிட்டது, ஆனாலும் அதன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வண்டி இரண்டாவது வளைவு தாண்டும்வரை கத்துகிற சத்தம் கேட்டது. சத்தம் அடங்கியதும், விடுதிக்கு என்னென்ன துணி வேண்டும் என்று அம்மா கேட்டாள்.