வரிசையில் கிடந்த செருப்பு

கொழும்பு நவீனக் கலைக்கூடம் ஒன்று தன்னிடமிருந்த படைப்புகள் சிலவற்றைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து ஒரு மண்டபத்தில் வைத்திருந்தது. பார்த்துவிட்டு வந்து எழுதும்படி மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. இரண்டையும் இழுத்துக்கொண்டு பரந்தனில் பஸ் ஏறினேன். அன்றைக்கு நாங்கள்தான் முதல் ஆட்கள்.

இரண்டாவது அறை வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. வாசலில் செருப்பைக் கண்டால் கழற்றுவது எங்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமில்லை. மூன்று சோடியையும் வரிசையின் கரையில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனோம். அங்கே சுவரளவு படமொன்று, முழுக்கக் கறுப்பு.

"அம்மா, இது இன்னும் கீறி முடியேல்லையோ?" என்று மகன் கேட்டான்.

எனக்கும் தெரியவில்லை. "கதையாமல் பார்" என்றேன்.

திரும்பி வந்தால் செருப்புகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண்பிள்ளை ஒருத்தி காவலுக்கு நின்றாள். நான் குனிந்தேன்.

"அக்கா, தொடாதேங்கோ! அது காட்சிக்கு வச்சது."

"தங்கச்சி, இது எங்கட செருப்பு. இப்பதான் கழட்டினனாங்கள்."

அவள் எங்கள் வெறுங்காலைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். எங்கள் செருப்பின் இலட்சணமும் அப்படித்தான், மற்றவற்றோடு வித்தியாசமில்லை. "எது ஆருடைய செருப்பு எண்டு எனக்குத் தெரியாதக்கா. பொறுப்பானவர் வந்து, இதை அடுக்கேக்க எடுத்த ஃபோட்டோவோட ஒத்துப் பாத்துத்தான் தருவார். கொஞ்சம் நில்லுங்கோ."

வெளியே கொதிக்கிற தார் ரோட்டு, இரண்டு பிள்ளைகள், வெறுங்கால். எங்கே போவது? சுவரோடு நின்றேன். அப்போதுதான் அங்கே ஒட்டியிருந்த குறிப்பை வாசித்தேன். முல்லைத்தீவுக் கரையில், போரின் கடைசி நாட்களுக்குப் பிறகு பொறுக்கிய செருப்புகளாம்.

நானும் அந்தக் கரையால் வந்தவள்தான். என் செருப்பை எங்கே விட்டேன் என்று இன்றுவரை நினைவில்லை.

சனம் வரத் தொடங்கியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். வயதான அம்மா ஒருவர் கயிற்றுக்கு இப்பால் குந்தி, என் மகளின் சிவப்புச் செருப்பையே பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என்ர பிள்ளை உயிரோடு நிற்கிறாள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அந்த மனுசிக்கு என்ன சொல்வது? அந்தச் செருப்பு இன்னும் ஒரு நிமிடம் அங்கே கிடப்பதைக் கூட என்னால் தாங்க முடியவில்லை. "எனக்குச் செருப்பு வேண்டாம், அந்தச் சின்னதை மட்டும் எடுத்துத் தா" என்று காவல்காரப் பிள்ளையிடம் கெஞ்சினேன். பிறகு ஏசினேன். அவளும் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

பொறுப்பானவர் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. ஃபோனில் படத்தைப் பார்த்து மூன்று சோடியையும் எடுத்துத் தந்தார். "நல்ல பகிடி அக்கா" என்று சிரித்தார்.

மகன் போட்டுக்கொண்டான். நானும் போட்டேன். மகள் காலை நீட்டினாள். எனக்கு மனம் வரவில்லை. அவளுடையதைப் பைக்குள் திணித்துவிட்டு அவளைத் தூக்கினேன்.

"என்ர செருப்பைப் போட்டு விடுங்கோ அம்மா" என்று பஸ் தரிப்பிடம் வரைக்கும் காலை உதைத்து அழுதாள். நான் அவளைக் கீழே இறக்கவேயில்லை.