இலுப்பூர் மண்டபத்தில் ஸ்கா

காலை ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். முந்தின நாள் சேலத்திலிருந்து கிளம்பித் திருச்சியில் ஒரு தோழி வீட்டில் தங்கியிருந்தேன். திருச்சியிலிருந்து ஐம்பத்து மூன்று கிலோமீட்டர்தான். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கையில் ஒரு தோள்பை, அதற்குள் இஸ்திரி போட்ட பட்டுப்புடவை. அன்று மாலை நான் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டும். மாப்பிள்ளையையும் தெரியாது, பெண்ணையும் தெரியாது.

காரணம் ஸ்கா. ஜமைக்கா தீவில் பிறந்த இசை, அதே தீவின் ரெக்கே இசைக்கு மூத்தது. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று ஊதுகருவிகள் முன்னால் நிற்கும். பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் எண்ணும் இடத்தில் கிதார் வாய் திறக்காது. இரண்டு எண்களுக்கு நடுவில் வெட்டென்று விழும். அந்த வெட்டுதான் ஸ்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை பார்த்த பெண் ஒரு கேசட் கொடுத்தாள். எனக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. இத்தனை வருடமும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டதுதான். ஒரு கச்சேரி கூட நேரில் பார்த்ததில்லை.

சாகுலை ஃபோனில்தான் தெரியும். மீமிசல்காரர். வளைகுடாவில் ஒரு ஓட்டலில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் வாசித்த குழுவைக் கேட்டுக் கேட்டுப் பழைய டிராம்போன் ஒன்றை வாங்கித் தானே பழகிக்கொண்டார். ஊர் திரும்பியதும் இலுப்பூர்ப் பக்கத்து பேண்ட் செட்காரர்கள் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டார். அவர் இணையத்தில் போட்ட பயிற்சி வீடியோவைப் பார்த்து அவருக்கு எழுதினேன். "ஞாயித்துக்கிழமை இலுப்பூர்ல ரிசப்ஷன்ல வாசிக்கிறோம், வாங்கக்கா. மாப்பிள்ளை என்கூட வேலை பாத்தவருதான்" என்று பதில் வந்தது.

மாலை வரை நேரம் இருந்ததால் குடுமியான்மலைக்கு டவுன் பஸ் ஏறினேன். இருபது கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "கல்வெட்டு பாக்கவா? கோயில் நடை சாத்துறதுக்குள்ள பாத்துருங்க, அங்கிட்டு வெயிலு ஏறிரும்" என்றார்.

குன்றின் சரிவில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் அந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுரங்களின் பெயர்கள் நான்கு நான்காக, வரிவரியாக. எழுத்து கிரந்தம், எனக்குப் படிக்கத் தெரியவில்லை. கோயில் காவலர் பக்கத்திலேயே நின்றார்.

"இத யாராச்சும் பாடிக் காட்டியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"பாட்டு வாத்தியாருங்க வருவாங்க. ஆளுக்கு ஒரு மாதிரி பாடுவாங்க. எது சரின்னு கல்லு சொல்லமாட்டேங்குதே" என்றார்.

பதினொன்றரை மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து அன்னவாசல் போய், அங்கிருந்து பேருந்து மாறி இலுப்பூர் வந்து சேர்ந்தேன். சாப்பாட்டுக் கடையில் எண்பது ரூபாய்க்கு அளவுச் சாப்பாடு. உரக்கடைகளும் பாத்திரக்கடைகளும் மதிய வெயிலில் பாதி ஷட்டர் இறக்கியிருந்தன. மண்டபம் கடைத்தெருவிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரம், நடந்தே போனேன்.

மூன்று மணிக்கு மேடையில் எட்டுப் பேரும் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சாகுல் ஃபோனில் தெரிந்ததைவிட ஒல்லியாக இருந்தார். "இங்கிட்டு வாங்கக்கா, ஃபேனுக்கு நேரா ஒக்காருங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். டிரம்பெட் வாசிக்கும் செல்வத்தை அறிமுகப்படுத்தினார். கனத்த உடம்பு, ஐம்பது வயது இருக்கும். கல்யாண ஊர்வலங்களில் இருபது வருடமாக ஊதுகிறவர்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு, எனக்கும் புடிச்சுருக்கு" என்றார் செல்வம். "ஆனா ஆடுறதுக்கு ஆளு வேணுமே. இன்னைக்கு ஒருத்தரும் எந்திரிக்கலைன்னா நான் பழைய செட்டுக்கே போயிருவேன். தம்பிக்கிட்ட சொல்லிப்புட்டேன்."

சாகுல் சிரிக்க முயன்றார். மேடையில் முழுக்க ஸ்காவாக வாசிப்பது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் தெரிந்தது. செல்வம் போனால் குழு இல்லை.

மண்டபத்தின் அறையொன்றில் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். ஐந்தேகாலுக்குக் கூட்டம் நிறைந்தது. மாப்பிள்ளை கோட் சூட்டில் வேர்த்துக்கொண்டு சாகுலைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டினார். ஐந்தரைக்கு முதல் பாட்டு. எடுத்த எடுப்பில் மூன்று ஊதுகருவிகளும் ஒன்றாகக் கிளம்பின. கிதார் இடுக்குகளில் வெட்டியது. என் முழங்கை வரை சிலிர்த்தது. செல்வத்தின் கன்னம் உப்பி இறங்குவதும், டிராம்போன் குழாய் நீண்டு முன்வரிசைக்காரர் தலைக்கு மேல் போய் வருவதும் எந்த ஒலிப்பதிவிலும் நான் கேட்காத விஷயங்கள்.

மற்றவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கை தட்டிப் பார்த்த இரண்டு பேருக்கும் தாளம் தப்பிப்போய், வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் பெண்ணின் அப்பா மேடையருகே வந்தார். உரக்கடை முதலாளி, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு.

"தம்பி, நல்லாத்தான் வாசிக்கிறீங்க. ஆனா சனம் முழிக்குது. சினிமாப் பாட்டு எடுத்து விடுங்க."

"ஒரே ஒரு பாட்டுங்கய்யா. அதுக்கப்பறம் நீங்க சொல்றதுதான்" என்றார் சாகுல். அவர் என்னைப் பார்க்கவில்லை. செல்வம் டிரம்பெட்டைத் தலைகீழாகப் பிடித்து எச்சில் வடித்துக்கொண்டிருந்தார். முடிவு தெரிந்துவிட்ட முகம்.

மேடைக்கு முன்னால் சிவப்புக் கம்பளம் விரித்த இடம் காலியாகக் கிடந்தது. மூன்றாவது பாட்டு தொடங்கியது. எப்படி எழுந்தேன் என்று இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு கம்பளத்தில் போய் நின்றேன். ஸ்கா ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, முழங்காலை மாற்றி மாற்றித் தூக்கி, எதிர்க் கையை வீச வேண்டும். நின்ற இடத்திலேயே ஓடுவது போல. நான் ஓடினேன். நானூறு பேர் உட்காரும் மண்டபத்தில் ஒற்றை ஆளாக.

பின்வரிசையில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"யாரு அந்தம்மா?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளு போல."

மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து இன்னொரு குரல்: "பொண்ணு வீட்டு ஆளா இருக்கும். நம்ம பக்கம் இப்பிடி யாரும் இல்லையே!"

பாதிப் பாட்டில் மூச்சு வாங்கியது. காது சூடாகி, திரும்பிப் போய் உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் பச்சைப் பட்டுப்புடவை கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கல்யாணப் பெண்ணின் அத்தை. என் கால்களையே உற்றுப் பார்த்தார்.

"இது நடவு வயல்ல சேத்துல இருந்து கால உருவுற மாதிரில்ல இருக்கு" என்றார். "இத நான் சின்னதுலேருந்து செஞ்சுக்கிட்டுல்ல இருக்கேன்!"

அவர் கால் தூக்கியதும் தெரிந்தது, என்னைவிடச் சரியாகத் தாளத்தில் விழுந்தது. சேற்றுக்குள் கால் இறங்கும் நேரம் வேறு, உருவும் நேரம் வேறு. உருவும் நேரத்தில்தான் கிதார் வெட்டுகிறது. "ஏ மல்லிகா, வாடி! சேத்துக் காலுதான்!" என்று அவர் கூப்பிட்டதும் நாலைந்து பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை மேடையிலிருந்து குதித்தார். அவருடைய வளைகுடா நண்பர்கள் பின்னால் வந்தார்கள். செல்வம் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். முடிய வேண்டிய பாட்டு முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கம்பளத்தில் முப்பது பேராவது இருந்தோம்.

பாட்டு நின்றதும் சாகுல் பெண்ணின் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். எல்லோருக்கும் தெரிந்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்தார், ஆனால் ஸ்கா தாளத்தில். மண்டபமே சேர்ந்து பாடியது. வயதானவர்கள் சிலர் எழுந்து பந்திக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிதார் சத்தம் தலைவலி என்று ஒருவர் கதவருகே முறையிட்டார். ஆனால் ஏழு மணிவரை கம்பளம் காலியாகவில்லை.

தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது பெண்ணின் அப்பா எதிரில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளைக்கு நீங்க என்ன மொறைம்மா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஒரு மொறையும் இல்லைங்க. இந்தப் பாட்டக் கேக்கத்தான் சேலத்துலேருந்து வந்தேன்."

அவர் என் நெற்றியில் வழிந்த வியர்வையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார்.

"சாப்ட்டீங்களா?"

"இல்லைங்க."

"மொதல்ல வாங்க" என்று தானே பந்திக்கு அழைத்துப் போனார். "எலையப் போடுப்பா. வேண்டியவங்க." நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என் தங்கச்சி வீட்டுக்காரரு தவறி ரெண்டு வருசமாச்சு. விசேசம்னா அடுப்படியவிட்டு வெளியவே வராது" என்றார். பச்சைப் புடவை அத்தை அப்போது, கதவு வழியே தெரிந்த கம்பளத்தின் நடுவில், கொண்டை அவிழ்ந்தது தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

விடைபெறும்போது சாகுல் என் பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்தார். செல்வமும் கூட வந்தார்: "புதன்கிழமை பயிற்சி இருக்கு. நான் போறேன்மா அதுக்கு. வேற என்ன பண்ண?"

ஏழரைக்கு விராலிமலை வழியாகத் திருச்சி போகும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. குதிகால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. சேலத்தில் நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. கீழ் வீட்டில் தூக்கம் வராத ஒரு பெரியவர் இருக்கிறார். அதனால் இத்தனை வருடமும் பாயை இரண்டாக மடித்துப் போட்டு, வெறுங்காலோடு, சத்தம் வராமல் பாதத்தை வைத்துத்தான் ஆடியிருக்கிறேன். அந்த ஆட்டம் இப்படித்தான் மெத்தென்று இருக்கும் என்றே நினைத்திருந்தேன். இலுப்பூர்த் தரையில்தான் தெரிந்தது, காலை ஓங்கி வைத்தால் தரையும் திருப்பிக் கொடுக்கும் என்று.