கொலுவுக்குப் பின்னால் இருந்த கணப்பு

இல்ஃபோர்டில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றே எனக்கு அந்தக் கணப்பைப் பிடிக்கவில்லை. முன்னறைச் சுவரின் நட்டநடுவில், பித்தளை விளிம்போடு, உள்ளே பொய்க் கரித்துண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேஸில் எரிகிற சங்கதி. ஒரு காலத்தில் யாரோ அதன் முன்னால் குளிர்காய்ந்திருப்பார்கள். ரேடியேட்டர் வந்த பிறகு அதைச் சீண்ட ஆளில்லை.

வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இருக்கிறார். என் கணவர் முதல் நாளே அவரை அண்ணை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதோடு எங்கள் வாய் அடைபட்டது. வீட்டுக்காரரிடம் சண்டை போடலாம். அண்ணையிடம் எப்படிப் போடுவது?

"இது வேலை செய்யுமாங்க?" என்று கேட்டேன்.

"இல்லைத் தங்கச்சி, அது எப்பவோ மூடியாச்சு. ஒருத்தரும் பாவிக்கிறேல்லை. வடிவா இருக்கெண்டு விட்டு வைச்சிருக்கிறம்."

வடிவாம். கழற்றிவிடக் கூடாதா என்றதற்கு, கழற்றினால் சுவர் உடையும், பிறகு எல்லாம் திரும்பப் பூசவேண்டும், ஏலாது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் மறுப்பார்.

குளிர்காலத்தில் கணப்பின் புகைபோக்கி வழியாகக் காற்று இறங்கும். கால் விறைத்துப்போகும். பழைய புடவை ஒன்றைச் சுருட்டி மேலே அடைத்துவிடுங்கள் என்று கணவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். "சனிக்கிழமை பாத்துக்கலாம்மா" என்பார். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லமாட்டார்.

மகள் பிறந்து முதல் நவராத்திரி வந்தது. இந்த ஊரில் நான் அதுவரை கொலு வைத்ததில்லை. அந்த வருடம் வைத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம். வைக்க இடம்? ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் ஜன்னல், இன்னொரு பக்கம் சோபா. மிஞ்சியது கணப்புச் சுவர்தான். அந்த மூஞ்சியும் மறைந்துபோகும் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். அட்டைப்பெட்டிகளையும் ஒரு பழைய புத்தக அலமாரியையும் அதன்மேல் சாய்த்துத் தள்ளி, வெள்ளை வேட்டியை விரித்துப் படிகள் கட்டினோம். ஊரிலிருந்து கைப்பையில் வைத்துக் கொண்டுவந்த பொம்மைகள் வரிசையாக ஏறின. கீழே கலசம், பக்கத்தில் குத்துவிளக்கு. அதற்குப் பக்கத்தில் பாய் போட்டு மகளை விடுவேன். செட்டியார் பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

தினமும் சுண்டல். அப்டன் பார்க் கடையில் கட்டிப் பெருங்காயம் வாங்கிவந்திருந்தேன், டப்பாவைத் திறந்தாலே ஆளைத் தூக்கும் ரகம். இரண்டாம் நாளிலிருந்தே வீடு முழுக்க அந்த வாசனை. வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்கள் எல்லாம் மூக்கை இழுத்து இழுத்துப் பாராட்டினார்கள். எந்தக் கடை, எந்த பிராண்ட் என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கணவர்கூட ஆபீசிலிருந்து வந்ததும், "வாசல்லயே பெருங்காயம் வரவேற்குது" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் நவராத்திரி வெள்ளிக்கு வெல்லப் புட்டுதான், சுண்டல் கிடையாது. மாலையில் விளக்கேற்றி, மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிப் பாயில் உட்காரவைத்தேன். எதிர்வீட்டு அக்கா வந்தார். அவரும் யாழ்ப்பாணம்தான். "எங்கட வீடுகளில கும்பம் மட்டும்தான் வைப்பம்" என்று பொம்மைகளை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புட்டை ஒரு வாய் போட்டார்.

"நல்லா இனிக்குது. ஆனா வீடெல்லாம் பெருங்காயம் மணக்குதே. இதுக்கும் பெருங்காயம் போடுவியளோ?"

இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று காலையில் வெளியே சாப்பிட்டிருந்தோம். பெருங்காய டப்பாவை நான் தொடவே இல்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் வேட்டி, வேட்டிக்குப் பின்னால் அலமாரி, அலமாரிக்குப் பின்னால் அது. பாயில் என் குழந்தை.

எங்கள் வீட்டில் விளக்கை வாயால் ஊதமாட்டோம். பூவால் ஒற்றிக் குளிரவைப்போம், அணைப்பது என்ற சொல்லைக்கூடச் சொல்லமாட்டோம். நான் மண்டியிட்டு, பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதுவதுபோல் ஃபூ என்று ஊதினேன். "கேஸ்" என்றேன் அக்காவிடம். குழந்தையை வாரிக்கொண்டு அவர்தான் முதலில் வெளியே ஓடினார்.

கேஸ் எமர்ஜென்சிக்குத் தெருவில் நின்றுதான் போன் செய்தேன். பட்டுப்புடவை, வெறுங்கால். ஆள் சீக்கிரமே வந்துவிட்டான். கையில் ஒரு கருவியோடு உள்ளே போனவன் வாசலுக்கு வந்து, படிகளை எடுக்க வேண்டும் என்றான். நவராத்திரி முடியும்வரை கொலுவை நகர்த்தக் கூடாது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? நானே போய் தசாவதாரத்தையும் அம்பாளையும் கலசத்தையும் எடுத்துத் துணிக்கூடையில் போட்டேன். அவசரத்தில் செட்டியாரின் தலை உடைந்தது.

குழாயின் இணைப்பு ஒன்றில் கசிவு. கேஸுக்குச் சொந்தமாக மணம் கிடையாதாம், மனிதர்கள் எழுந்து ஓட வேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள் என்றான். ஓடுவதற்காகக் கலந்ததை நாங்கள் உட்கார்ந்து மோந்து பாராட்டிக்கொண்டிருந்தோம். கடுகு தாளித்தாலே கத்துகிற அலாரம் கூரையில் இருக்கிறது. அது புகைக்குத்தானாம், கேஸுக்கு வாயைத் திறக்காதாம். புகைபோக்கி திறந்திருந்ததால் பெரும்பகுதி மேலே போய்விட்டது, அது மட்டும் அடைத்திருந்தால் என்று ஆரம்பித்து, குழந்தையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். என் கணவரின் சோம்பேறித்தனம்தான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இன்றுவரை அவரிடம் அதைச் சொல்லவில்லை, சொன்னால் ஆளைப் பிடிக்கமுடியாது.

வீட்டின் கேஸையே மீட்டரில் பூட்டிவிட்டுப் போனான். அடுப்பில்லை, வெந்நீர் இல்லை, சூடில்லை. நான் அண்ணைக்குப் போன் போட்டேன்.

"அது பாவிக்காத சாமானெல்லோ, எப்பிடிப் பழுதாகும்?" என்றார். பிறகு, "நீங்கள் ஏதோ படி வைச்சதெண்டு சொன்னியள். அதை இடிச்சிருப்பியள் போல" என்றார்.

இடித்தோமா? அலமாரியைத் தள்ளும்போது எதிலோ பட்டதுபோலத்தான் இருந்தது. எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அந்தத் தெரியாமை போதும், சரி அண்ணை என்று சொல்லிவிட்டேன். மூடியாச்சு என்று சொன்னீர்களே என்று கேட்டிருக்க வேண்டும். போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

ஆள் வந்து சரிசெய்யும்வரை எதிர்வீட்டில்தான் குழந்தைக்குக் குளியல். வந்தவன் இணைப்பை மாற்றி, குழாயின் வாயை அடைத்து, இனிப் பயமில்லை என்றான். அதைக் கழற்றிவிடுங்கள் என்று அண்ணையைக் கெஞ்சினேன். "இப்பதான் வடிவா மூடியாச்சே தங்கச்சி. அடுத்த சமருக்குப் பாப்பம்." அடுத்த கோடையும் வந்து போய்விட்டது. வேறு வீடு தேடினோம். குழந்தை உண்டு என்றதும் பாதி வீடுகள் கைநழுவின, மீதியில் ஒவ்வொரு முன்னறையிலும் இதேபோல் ஒன்று பல்லிளித்துக்கொண்டிருந்தது.

ஆக, அது இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம். பெருங்காயத்தை மட்டும் வீட்டைவிட்டுத் துரத்தினேன், வேறு யாரைத் துரத்த முடியும் என்னால்? "ரசம் வெறும் புளித்தண்ணி மாதிரி இருக்கு" என்று கணவர் முனகுவார். முனகட்டும். காலையில் எழுந்ததும், வெளியே போய் வந்ததும், ஒவ்வொரு வேளையும் சாப்பாடு போடுவதற்கு முன்னும் நான் அந்தக் கணப்பின் முன் குனிந்து மோந்து பார்ப்பேன். நிறுத்த வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், முடியவில்லை.

மகள் இப்போது நடக்கிறாள். சாப்பிட வா என்று கூப்பிட்டால் நேரே என்னிடம் வருவதில்லை. கணப்புக்குத் தத்தித் தத்திப் போய், முட்டிபோட்டு, பித்தளை விளிம்பில் மூக்கை ஒட்டி உறிஞ்சுகிறாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் விரித்து, "இல்ல" என்கிறாள். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்காருகிறாள்.