இடது கையும் டாப் விசையும்

புஷ்பராணியின் இடது கை விசைப்பலகையில் சாய்கோட்டுக் குறியைத் தேடிக்கொண்டிருந்தது. ஜெர்மன் விசைப்பலகையில் அதற்கு ஷிப்ட் விசையையும் ஏழாம் எண் விசையையும் சேர்த்து அமுக்க வேண்டும். முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்ட வலது கை, மேசையில் மடித்து வைத்த துவாயின் மேல் கிடந்தது. பனியில் சைக்கிளோடு சறுக்கியிருந்தாள். விரல்கள் வீங்கவில்லை, நகம் நீலம் பாரிக்கவில்லை. மற்றதெல்லாம் வெறும் தொந்தரவுதான்.

ஜெர்மனிக்கு அகதியாக வந்து, ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவி, பிறகு கணினி படித்தவள். இப்போது பான் நகரத்துக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் சர்வர்களைப் பார்க்கிறாள். தரவுகளைப் பிரதி எடுத்து வைக்கும் மென்பொருள் கருவியை அங்கே நிறுவி வளர்த்ததே அவள்தான். நாளைக் காலை தணிக்கையாளர் முன்னால், அழித்த கோப்புகளை மீட்டுக் காட்ட வேண்டும்.

"ஒற்றைக் கையால் முடியாதென்றால் இன்றே சொல்லுங்கள். டார்ம்ஸ்டாட் கிளையிலிருந்து ரகுநாதனைக் கூப்பிடுகிறேன்," என்றிருந்தார் மேலாளர் வில்கே. தன் வேலையை இன்னொருவர் செய்துகாட்ட, பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருக்க அவளுக்கு மனமில்லை.

"அக்கா, இந்த வேகத்திலை ஒரு கட்டளை அடிச்சு முடிய அடுத்த கிறிஸ்மஸ் வந்திடும்," என்றான் பக்கத்து மேசைச் சிறீதரன்.

"வந்தா உனக்கு லீவுதானே. பேசாமல் இரு."

"முழுசா அடிக்காமல் டாப் (Tab) விசையை அமத்துங்கோவன், மிச்சம் தானா வரும்."

"இந்தக் கருவிக்கு அது வேலை செய்யாது. நாங்கள்தான் போடவேணும்."

கருவியோடு ஒரு சின்னக் கோப்பு வந்திருந்தது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல் அதைப் படித்துவிட்டால் போதும். இரண்டெழுத்து அடித்து டாப்பை அமுக்க, மிச்சத்தை அதுவே நிரப்பும். இரண்டு கையும் நன்றாக இருந்தவரை அவள் அதைச் சீண்டவில்லை. புதிய மென்பொருள் என்றால் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கோப்பைத் திறந்து வில்கேயிடமே காட்டினாள். வெறும் எழுத்து வரிகள். அவர் வாசித்துப் பார்த்து, "இது அமைப்பு மாற்றம் மட்டும்தான், போடுங்கள்," என்றார்.

எல்லாச் சர்வர்களிலும் போட்டாள். டாப்பை அமுக்கினாள். ஒரு பீப் சத்தம்தான், எதுவும் நிரம்பவில்லை. மறுபடியும் பீப். கோப்பு இருந்த இடமும் சரி, அனுமதியும் சரி.

"அக்கா, கடைசியா எப்ப வெளியிலை வந்து திரும்ப லொகின் பண்ணினனீங்கள்?"

புஷ்பராணி திரையைப் பார்த்தாள். கடவுச்சொல் நீளமானது, குறியீடுகள் வேறு. ஒற்றைக் கையால் அதை அடிக்கப் பயந்து, கட்டுப் போட்ட நாளிலிருந்து திரையில் திறந்த எந்த ஜன்னலையும் அவள் மூடவில்லை. ஷெல்லோ உள்ளே நுழையும்போது மட்டுமே அந்தக் கோப்பைப் படிக்கும்.

"விசரி," என்று தன்னையே திட்டிக்கொண்டு எல்லாவற்றையும் மூடினாள். கடவுச்சொல் இரண்டு தரம் பிழையாக விழுந்தது.

"இன்னொருக்கா பிழைச்சா கணக்குப் பூட்டுப்படும்."

"தெரியும். கதைக்காதை."

மூன்றாம் தரம் உள்ளே விட்டது. இரண்டெழுத்து, டாப். நீளக் கட்டளை முழுசாக வந்து நின்றது. இன்னொரு டாப்பில் பிரதியின் பெயரும் வந்தது. புஷ்பராணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாத்து அக்கா, சைக்கிளைவிட வேகமாச் சறுக்குது!"

"போடா," என்றபடி எழுந்து வில்கேயின் அறைக்குப் போய், ரகுநாதன் வரத் தேவையில்லை என்று சொன்னாள்.

மறுநாள் காலை தணிக்கையாளர் தானே ஒரு கோப்புறையைத் தெரிவுசெய்து அழிக்கச் சொன்னார். அவர் கோப்பிக்குச் சீனி போட்டுக் கலக்கி முடிப்பதற்குள் புஷ்பராணி அதை மீட்டுக் கொடுத்துவிட்டாள். டொக்டரைப் பார்க்கக் குறித்திருந்த டெர்மினுக்கு நேரமாகிவிட்டது. ஜாக்கெட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு ட்ராமைப் பிடிக்கப் போனாள்.