வீடியோவில் வராத பேச்சு

கிராமத்து வாழ்க்கையைப் படம்பிடித்து யூடியூபில் போடுகிறவன் நான். கழுகுமலை போகிற வழியில், உளுந்து பிடுங்கிய கரிசல் காட்டில், நிலத்துக்கு எருவாகட்டும் என்று ராத்திரி ஆடுகளை அடைத்து, ஆட்டுக்கிடை போட்டிருந்தார் அவர். ஒல்லியான ஆள், அறுபது வயதிருக்கும். தலையில் ஏதோ சிமெண்ட் கம்பெனித் தொப்பி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை திரும்பி ஆடுகளைப் பார்த்துக்கொள்வார்.

தொப்பியைக் கழற்றிவிட்டுத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டச் சொன்னேன். "அப்பத்தான் அசலா இருக்கும் அண்ணாச்சி."

"வெயிலுக்குத் தொப்பிதான் தோது தம்பி," என்றார். ஆனாலும் கட்டிக்கொண்டார்.

ஆடு, கிடை, மழை என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். முடிந்துவிட்டது என்றதும், "இத வெளியூர்ல இருக்கவியளும் பாப்பாவளா?" என்றார்.

"எல்லாரும் பாப்பாங்க."

கேமராவை நேராகப் பார்த்தார். அப்போது மட்டும் ஆடுகள் பக்கம் திரும்பவில்லை. "நான் நல்லா இருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடுதேன். காலு இப்பம் வலிக்கல."

யாருக்குச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. ஆட்டுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று அதை அன்றைக்கே வெட்டி அழித்துவிட்டேன்.

வீடியோ நன்றாக ஓடியது. தலைப்பாகையைப் புகழ்ந்து நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். நடுவே, முகப்படம் இல்லாத ஒருவர் கேட்டிருந்தார்: "இவியளுக்குக் கால்வலி இப்பம் எப்படி இருக்கு?"

மறுபடி படம்பிடிக்கலாம் என்று போனேன். கிடை கிளம்பிப் போயிருந்தது. காட்டை உழுதுபோட்டிருந்தார்கள்.

'வலிக்கவில்லையாம்' என்று நானே பதில் எழுதினேன். அவர் குரலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய பதில் அது.